ஆகஸ்ட் ஒன்றுக்குள்

மூவாயிரத்து இருநூறு டாலர்.
ஒரு துப்பாக்கிக்கு, ஒரு வருஷத்துக்கு.
காசோலை ஆகஸ்ட் ஒன்றுக்குள் வந்துசேர வேண்டும் என்று
திருமதி ஷ்ராடர் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்,
நீல மையில், போன வருஷத்தைவிட நானூறு கூட்டி,
அதற்கு மட்டும் காரணம் எழுதாமல்.

மே மாதம் வயோமிங்கிலிருந்து செய்தி வந்திருந்தது.
ஒன்பது வருஷமாகப் பணம் கட்டி
வருஷத்துக்கொரு புள்ளி வாங்கினேன்.
புள்ளியைத் தின்ன முடியாது, சுவரில் மாட்ட முடியாது.
காத்திருப்பதற்கு வாடகை என்பாள் நோரீன்.
இந்த முறை குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது.
ஆண் எல்க் ஒன்று, அக்டோபரில் பதினைந்து நாள்.
விழுந்த கணமே ஒன்பது புள்ளியும் பூஜ்யம்.
மறுபடி சேர்த்து முடிக்கும்போது எனக்கு அறுபத்தெட்டு,
இடது முழங்கால் அதுவரை கூட வராது.

இரண்டுக்கும் பணமில்லை.
குழாய்ப் பாதையில் வெல்டிங் வேலை
மார்ச்சோடு நின்றுபோயிற்று.

மின்சாரக் கட்டண உறையின் முதுகில்
நடுவே கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
குத்தகைப் பக்கம் சீக்கிரம் நிறைந்தது:
மக்காச்சோள மூட்டைகள், தீவனப் பீப்பாயின் பேட்டரி,
மறைவுக்கூண்டில் குளவிக்கு மருந்து.
போன பருவத்துக் கறி
பவுண்டுக்கு நூற்றுப்பத்து டாலர் விழுந்ததாம்.
நோரீன் கூட்டிச் சொன்னாள், சிரிக்கவில்லை.
வயோமிங் பக்கம் ஆயிரத்து நூறு மைல்,
நான்கு டயர், பிறகு ஒரு கேள்விக்குறி.
அந்த உயரத்தில் என் மூச்சுக்கு என்ன விலை என்று
யாரிடம் கேட்பது.

"அங்கே ஒரு மரமாவது உனக்குத் தெரியுமா?"
பக்கத்துக் கூண்டுக்காரன் டெல்பர்ட் கேட்டான்.
தெரியாது.
இங்கே எந்த ஓக் எந்த வாரம் காய் உதிர்க்கும்,
எந்த வேலிக்கம்பிக்கு அடியில் பன்றி நுழையும்,
காற்று தெற்கே திரும்பினால் எங்கே உட்காரக் கூடாது,
எல்லாம் தெரியும்.
காது கிழிந்த பெட்டை மான் ஒன்று
நான்கு வருஷமாக என் குறிக்குள் வந்து நிற்கும்.
சுடவில்லை. ஏனென்று டெல்பர்ட் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

விட்டால் விட்டதுதான்.
ஹூஸ்டனில் ஒரு பல் மருத்துவர்
என் இடத்துக்காக இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார்,
அவருக்குப் புள்ளி கிடையாது, பணம் உண்டு.

ஜூலை இருபத்தொன்பது, வெயில் சாயும் நேரம்,
காசோலைப் புத்தகம் சட்டைப்பையில் இருக்க
மேசனைத் தாண்டி வண்டியை ஓட்டினேன்.
கதவுப் பூட்டு எண்ணை விரல்களே திருப்பின.
முற்றத்தில் ஆட்டுக்கு உப்புக்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.
வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு;
வாயில் வந்தது, "இந்த வருஷம் இல்லை."
அவள் தலையாட்டினாள்.
"அப்படியானால் பூட்டின் எண்ணை மாற்ற வேண்டும்" என்றாள்.
பதினோரு வருஷம். அவ்வளவுதான்.
அவள்மேல் குறையில்லை, அவளுக்கும் வரி கட்டவேண்டும்.

பீப்பாயைக் கழற்ற அரைமணி ஆனது.
சங்கிலியின் சத்தம் கேட்டு, சோளம் என்று நினைத்து,
புதரிலிருந்து ஆறேழு வந்து நின்றன.
கிழிந்த காது முன்னால்.
மீதியிருந்த அரை மூட்டையைத் தரையில் கொட்டினேன்.
பல் மருத்துவர் எப்படிச் சுடுவார் என்று தெரியவில்லை.
நான் வண்டிக்குத் திரும்பும்வரை
அவை தலை நிமிரவில்லை.

வீட்டில் நோரீன் காலியான உறைபெட்டியைத் திறந்து வைத்து
டிசம்பரில் சில்லிக்கு என்ன போடுவது என்கிறாள்.
எல்க் என்கிறேன்.
கிடைக்காவிட்டால்?
மேசைமேல் வயோமிங் வரைபடத்தை விரித்திருக்கிறேன்.
சுருண்டுகொள்ளாமலிருக்க
ஒரு மூலையில் உப்புக்குப்பி, ஒரு மூலையில் என் கை.
பீன்ஸ், என்கிறாள் அவளே.
கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று பொருளாம்.
இந்தத் தாளில் எல்லாமே நெருங்கித்தான் இருக்கின்றன.